பிரிக்காத பொட்டலம்

கன்னிமார் துணை

கன்னிமார் பள்ளம்,
மடத்துக்குளம் வழி.
12.7.2008

அன்புத் தம்பி கதிர்வேலுக்கு அக்கா மாரக்காள் எழுதுவது. நான் சுகம். அக்ஷராவும் சுகம். டாக்கா பக்கம் வெள்ளம் என்று ரேடியோவில் சொன்னார்கள். உன் கம்பெனி மேட்டில் இருக்கிறதா, தாழ்வில் இருக்கிறதா என்று எழுது. அந்த ஊர்ச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதையும் மறைக்காமல் எழுது.

இந்தப் பள்ளத்துக்குள் செல்போன் எடுப்பதில்லை. கரட்டுக் குன்றின்மேல் ஏறினால்தான் எடுக்கிறது. ஏறி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்குகிறது, பேச வந்தது மறந்துவிடுகிறது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லிக் கொடுத்தவளுக்கு எழுதுவதுதான் சுலபம். அதனால் நான் கடிதமே எழுதுகிறேன். நீயும் எழுது.

அக்ஷராவை மடத்துக்குளம் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். காலையில் ரோடு வரைக்கும் நான் கூடப் போய் பஸ் ஏற்றிவிடுகிறேன். அவளை அம்மாவிடமிருந்து பிரித்து இங்கே கொண்டுவந்து விட்டது சரிதான். நெருப்பெரிச்சலில் அனுசுயா வாடகைக்கு இருக்கும் அறையில் பாயை விரித்தால் நடக்க இடமில்லை. செக்கிங் முடிந்து, ஓவர்டைமும் இருந்தால், அவள் வீடு சேர இரவாகிவிடுகிறது. ஒரு காலத்தில் நம் சாயப்பட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தவள் அவள். இப்போது இன்னொருவர் கம்பெனியில் நின்றுகொண்டே பனியனில் ஓட்டை தேடுகிறாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொன்னால்கூட எனக்குத் தேவலை.

ஆனிக் காற்று கரட்டுக்கு மேலேதான். பள்ளத்துக்குள் இறங்குவதில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சுப்பண்ணன் விற்ற மேற்குக் கரட்டில் கரண்டு எடுக்கும் காத்தாடிகள் உறுமிக்கொண்டு சுற்றுகின்றன. கீழே நம் காட்டில் வெள்வேல் இலைகூட மெதுவாகத்தான் அசைகிறது. சாயங்காலத்தில் அந்த இறக்கைகளின் நிழல் நம் மரங்களின் தலைமேல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போகிறது. ஆடுகள் முதலில் மிரண்டன, இப்போது பழகிவிட்டன. உசிலையும் வெப்பாலையும் நன்றாகத் தழைத்திருக்கின்றன. கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம். போன வாரம் கௌதாரி ஒன்று குஞ்சுகளோடு வண்டித்தடத்தைக் கடந்து போனதைப் பார்த்தேன்.

சுப்பண்ணன் பேச்சு மாறவில்லை. நேற்று கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “ஏனுங்கம்மிணி, உங்க கன்னிமாருக்குக் கரண்டுன்னா ஆகாதாட்ட இருக்குதுங்க. எங்க சாமியெல்லாம் காத்தாடிக் காசுல ஜம்முனு இருக்குது பாருங்க” என்றார். நான் சிரித்துவைத்தேன். அவர் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

கன்னிமார் கோயில் மேடையைப் பூசச் சொல்லி நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. ‘அன்றைக்கே ஆத்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், காட்டை விற்க நினைத்த குற்றத்துக்குத்தான் பட்டறையை மூடிவிட்டு இங்கே வந்து அனுபவிக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். அப்படி எழுதாதே தம்பி. சாயக்கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு உன் பங்கைக் கட்டாவிட்டால் பட்டறையை மூட வேண்டிவரும் என்றுதான் நீ வந்து நின்றாய். ஆசைப்பட்டு வந்து நிற்கவில்லை. காத்தாடிக் கம்பெனிக்குக் கரட்டையும் காட்டையும் சேர்த்துக் கொடுத்தால் பங்கைக் கட்டிவிடலாம் என்றாய். “நீங்க என்ன சொல்றீங்க்கா” என்று என்னைத்தான் கேட்டாய். கன்னிமாரிடம் பூ கேட்டுப் பார்த்துவிடலாம் என்று சொன்னது நான். உன் குற்றம் அதில் எங்கே வந்தது?

மேடையை இப்போதைக்குப் பூசவில்லை. தை பிறக்கட்டும்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. அக்ஷரா வந்து இத்தனை நாளாகியும் காட்டுக்குள் வரவில்லை. காட்டு வாசல் படல் வரைக்கும் ஆட்டை ஓட்டிவருகிறாள், அங்கேயே நின்றுவிடுகிறாள். கேட்டால், “நா இங்கயே இருக்கறனுங்க அத்தை” என்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் இதே காட்டுக்குள் செருப்பில்லாமல் ஓடிய பிள்ளை.

நேரத்துக்குச் சாப்பிடு. கன்னிமார் உன்னைக் காப்பார்கள்.

உன் பிரியமுள்ள அக்கா,
மாரக்காள்


கன்னிமார் துணை

கன்னிமார் பள்ளம்
2.11.2008

அன்புத் தம்பி கதிர்வேலுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கிடைத்தது. அக்ஷராவுக்கு நீ அனுப்பிய சுடிதார் அளவு சரியாக இருக்கிறது. கை மட்டும் கொஞ்சம் நீளம். மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

இங்கே நல்ல மழை. ஓடை இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. தெற்கே மலையில் பெய்த தண்ணீர் வந்து சேரும்போது செந்நிறமாக இருக்கிறது, காட்டைத் தாண்டிப் போகும்போது தெளிந்துவிடுகிறது. சுப்பண்ணன் விற்ற கரட்டில் காத்தாடிக்கு வெட்டிய வண்டித்தடம் அரித்துக்கொண்டு போய்விட்டது. மண்ணெல்லாம் அவருடைய கிணற்றில். மனிதர் வாயடைத்துப் போயிருக்கிறார். நம் பள்ளத்தில் ஒரு பிடி மண்ணும் போகவில்லை. இதைச் சந்தோஷமாக எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதிய பிறகு அடித்துவிடலாமா என்று தோன்றியது. அடிக்கவில்லை.

தீபாவளிக்கு அனுசுயா வந்து இரண்டு நாள் இருந்தாள். கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். இரவு சாப்பிடும்போது பட்டறைப் பேச்சு வந்தது. களைப்பில் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். “அன்னைக்கு நீ மட்டும் அந்தப் பொட்டலத்தத் தொடாம இருந்திருந்தா நாம இப்பிடி ஆளுக்கொரு பக்கம் கெடப்பமா கண்ணு” என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அனுசுயாவை நீ கோபித்துக்கொள்ளாதே. ஆனால் அக்ஷரா அழவில்லை. முன்பே தெரிந்த செய்தியைக் கேட்பதுபோல இருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவளுடைய வகுப்பு டீச்சர் என்னிடம் படித்த பிள்ளை. சந்தையில் பார்த்தபோது சொன்னாள். கோகோ ஆட்டத்தில் எந்த அணி முதலில் இறங்குவது என்று பார்க்க, அக்ஷராவைச் சீட்டு எடுக்கச் சொன்னாளாம். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “என்ற கை ஆகாதுங்க டீச்சர், வேற ஆரையாச்சும் எடுக்கச் சொல்லுங்க” என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். இவளும் சேர்ந்து சிரித்தாளாம்.

காட்டை விற்கப் பூ கேட்ட அன்றைக்கு அவளுக்கு ஒன்பது வயது. நான் பூவரச இலையில் இரண்டு பொட்டலம் கட்டி, வாழைநாரால் முடிந்து, ஏழு கல்லுக்கும் முன்னால் வைத்தேன். வெள்ளரளி வந்தால் விற்கலாம், செவ்வரளி வந்தால் விற்கக் கூடாது என்று நீதான் சாமியிடம் சொன்னாய். பிள்ளை குனிந்து ஒன்றை எடுத்தது. நீ பிரித்தாய், சிவப்பு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது நம் வழக்கம். நான் அதை ஓடையில் விட்டேன். நீ செருப்பில்லாமல் மண்ணில் விழுந்து கும்பிட்டுவிட்டு, “ஆத்தாளே வேண்டாங்கறா, உடுங்க்கா” என்று சொல்லிக் காரில் ஏறினாய். எல்லாம் நேற்று நடந்ததுபோல இருக்கிறது.

இப்போது மறுபடியும் பூ கேட்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்கு உன்னை இருக்கச் சொல்கிறார்கள். மங்கலத்தில் இருக்கும் உன் பழைய கூட்டாளி மயில்சாமி, வந்துவிடு, சேர்ந்து சின்னதாக ஒன்று தொடங்கலாம் என்று கூப்பிடுகிறார். வெள்ளை வந்தால் வருவாய், சிவப்பு வந்தால் அங்கேயே இருப்பாய். ‘அன்றைக்கு எடுத்த கையே எடுக்கட்டும், அந்தக் கை பொய் சொல்லாது’ என்றும் எழுதியிருக்கிறாய்.

அந்த வரியை அக்ஷராவுக்கு நான் படித்துக் காட்டவில்லை.

தம்பி, பூ எதற்கு? நீயும் அனுசுயாவும் கலந்து பேசி முடிவு செய்யக் கூடாதா? மயில்சாமி நல்ல மனிதர். உனக்கு எது சரியென்று தோன்றுகிறதோ அதைச் செய். இதற்கும் நீ பூதான் வேண்டும் என்றால் தை முதல் வெள்ளிக்கிழமை கேட்கிறேன். பொங்கல் லீவில் அனுசுயாவும் இருப்பாள். நீ கேட்டு உன் முகத்துக்கு நேராக நான் மறுத்த விஷயம் எதுவும் இல்லை.

மழையில் நனையாதே. பொழுதோடு தூங்கு.

உன் அக்கா,
மாரக்காள்


கன்னிமார் பள்ளம்
18.1.2009

தம்பி கதிர்வேலுக்கு,

கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் வரியை இதில் எழுதவில்லை. படித்து முடிக்கும்போது காரணம் உனக்குத் தெரியும்.

வெள்ளை வந்தது என்று வெள்ளிக்கிழமையே அனுசுயா போனில் சொல்லியிருப்பாள். மாத முடிவில் கம்பெனியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவதாக நீ சொன்னாய் என்றாள். அந்தப் பூவை நம்பி எழுதிக் கொடுக்காதே. முதலில் இதைப் படி. நேற்று போனில் சொல்லிவிடலாம் என்று கரட்டில் ஏறினேன். நீ எடுத்தவுடன், “அக்கா, ஆத்தா மனசு எறங்கிட்டாளுங்க்கா” என்றாய். உன் குரலில் அப்படி ஒரு தெளிச்சியைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் குளித்துவிட்டுக் கிணற்றோரம் போய் வெள்ளரளி பறித்தேன். வாசலில் செவ்வரளி கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. அதன் பக்கம் நான் போகவில்லை.

அக்ஷராவைக் காட்டுக்குள் கூட்டிவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. படலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “நா மாட்டனுங்க அத்தை. மறுக்காவும் செவப்பு வந்துச்சுன்னா அப்பா வரவே மாட்டாருங்க” என்றாள். அனுசுயா கெஞ்சினாள். நான் அவள் கையைப் பிடித்து, “உன்ற கை நல்ல கைதாங் கண்ணு, எடுத்துத்தாம் பாரேன்” என்றேன். அந்தப் பயத்தை அவள் மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும், நீயும் வந்து சேர வேண்டும், இரண்டுக்கும் இது ஒன்றே வழி என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன முறையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஏழு கல்லுக்கும் தண்ணீர் ஊற்றி, பொட்டு வைத்து, பொட்டலங்களை வைத்தேன். அக்ஷரா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்தது அனுசுயா. வெள்ளை. அனுசுயா சத்தமாக அழுதுவிட்டாள், பிள்ளையின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் வீங்கிய காலோடு கரட்டைப் பார்த்து ஓடினாள், உனக்குப் போன் பண்ண.

நானும் அக்ஷராவும் நின்றோம். எடுக்காத பொட்டலம் கல்லுக்கு முன்னால் இருந்தது. அதை எடுத்து ஓடையில் விட நான் குனிவதற்குள் அவள் எடுத்துக்கொண்டாள். “அதப் பிரிக்கக் கூடாது கண்ணு, தண்ணியில உடோணும்” என்றேன்.

“அன்னைக்கும் இதயேதானுங்க சொன்னீங்க” என்றாள்.

பின்பு நாரை அவிழ்த்தாள். அதிலும் வெள்ளை.

அவள் கோபப்படவில்லை, கத்தவில்லை. பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்பவும் இப்பிடித்தானுங்களா அத்தை?” என்று மட்டும் கேட்டாள். தலையை ஆட்டினேன். “அப்ப நா எத எடுத்திருந்தாலும் செவப்புத்தானுங்களா?” என்றாள். ஆமாம் என்றேன்.

தம்பி, முதல் தடவை பூ கேட்ட அன்றைக்குக் காலையில் நான் வாசல் செடியில் மட்டும்தான் பறித்தேன். கிணற்றுப் பக்கம் போகவில்லை.

ஏன் என்று கேட்பாய். கணவரைப் பறிகொடுத்துவிட்டு நான் வந்தபோது, இந்தத் தோட்டத்தில் இருங்கள் என்று நீ சொன்னாய். பட்டா உன் பேரில். ஒரு நாளும் நீ அதைச் சொல்லிக் காட்டியதில்லை, நான்தான் மறக்கவில்லை. விற்கட்டுமா என்று நீ கேட்டபோது, வேண்டாம், எனக்கு இந்தக் காடு வேண்டும் என்று சொல்லியிருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய், இல்லையென்றால் ஒத்துக்கொண்டிருப்பாய். இரண்டையும் நாம் தாங்கியிருப்போம். அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அதைக் கன்னிமார் வாயில் வைத்தேன். எடுப்பதற்கு உன் பிள்ளையின் கையை வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ முதலாளியாகிவிட்டாய், கார், கம்பெனி என்று ஆகிவிட்டாய், பூவெல்லாம் எனக்காகத்தான் கேட்கிறாய், சிவப்பு வந்தாலும் சிரித்துவிட்டு விற்றுவிடுவாய் என்று நினைத்தேன். நீ மண்ணில் விழுந்தாய். உன் சட்டை முன்பக்கமெல்லாம் மண்ணாக இருந்தது. தட்டிவிடக்கூடச் செய்யாமல் போனாய். அந்த நிமிஷமே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கார் சத்தம் ரோட்டில் தேயும் வரைக்கும் கையில் பொட்டலத்தோடு நின்றேன்.

பொங்கலுக்கு மயில்சாமி வந்திருந்தார். பங்கைக் கட்டியவர்களும் இன்று தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கட்டியிருந்தாலும் பட்டறை நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாதுங்க என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பொதுவாகச் சொன்னார். இருக்கலாம். நான் அதைப் பிடித்துக்கொள்ள விரும்பவில்லை. நிலைக்கிறதா இல்லையா என்று நீ பார்த்திருக்க வேண்டும். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

காடு நன்றாக இருக்கிறது. மழைக்குப் பிறகு வெள்வேல் கன்றுகள் தானாகவே நிறைய முளைத்திருக்கின்றன. இதை நான் வருத்தத்தோடு எழுத முயன்றேன், முடியவில்லை. அந்த மரங்களைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதையும் நீ தெரிந்துகொள்.

அக்ஷரா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போட்டுவைத்ததைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். அனுசுயாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவை நேற்று பஸ் ஏற்றிவிட்டபோதுகூடச் சிரித்துக் கையாட்டினாள். இன்று மத்தியானம் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவள் படலில் நிற்கவில்லை. தானே திறந்துகொண்டு காட்டுக்குள் போய்விட்டாள். பொழுது சாயும்போதுதான் வந்தாள். பாவாடை முழுக்கப் புல்லின் சுணை ஒட்டியிருந்தது. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே, “அப்பாவுக்கு நீங்களே எழுதீருங்க அத்தை. நா எழுதுனா உங்களக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிருமுங்க” என்றாள்.

என்னை அடித்திருக்கலாம்.

அனுசுயாவிடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே நெருப்பெரிச்சல் போய்ச் சொல்கிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ வருவதா, அங்கேயே இருப்பதா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். இனி இந்தப் பள்ளத்தில் நான் யாருக்கும் பூக் கட்ட மாட்டேன். காட்டை விற்பதானாலும் விற்றுக்கொள். வாங்குகிறவர்களுக்குப் படலை நானே திறந்துவிடுகிறேன். ஆனால் விற்பதற்கு முன் என்னை ஒரு தடவை கேள். “நீங்க என்ன சொல்றீங்க்கா” என்று அன்றைக்குக் கேட்டதுபோலக் கேள். இந்தத் தடவை வாய் திறந்து சொல்கிறேன்.

உனக்கு ஆசி எழுதக் கை கூசுகிறது. சாமி பேரில் எழுதும் தகுதி எனக்கில்லை. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு, திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே. அதற்கும் முன்னால் அக்ஷராவுக்கு ஒரு வரி எழுது. உன் கை நல்ல கை என்று உன் கையால் எழுது. நான் சொல்லி அவள் இனி நம்பமாட்டாள்.

மாரக்காள்